காவலூர் வானாய்வகம்: வாங்குவதா, கட்டுவதா?

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய தகவல் அமைப்பை ஆயத்தமாக வாங்கலாம், தானே உருவாக்கலாம், பிற நிறுவனங்களுடன் சேர்ந்தும் உருவாக்கலாம். இம்மூன்று வழிகளையும் ஒரே இடத்தில் ஒப்பிட ஏற்ற சான்று, சவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூர் வானாய்வகம். தொலைநோக்கியும் வானத்திலிருந்து தகவலைத் திரட்டும் அமைப்புதானே.

இதைத் தொடங்கியவர் வானியலாளர் வைணு பாப்பு. 1968-இல் இங்கு முதலில் நிறுவப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் வானாய்வகத்தின் சொந்தப் பட்டறையில் செய்யப்பட்டது. சிறிய கருவிதான், ஆனால் பழுதானால் செய்தவர்களே சரிசெய்வார்கள்.

அடுத்தது வாங்கியது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி 1972-இல் பணியைத் தொடங்கியது. அதே ஆண்டு, வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்கு வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி இக்கருவியில் பதிவானது. ஆயத்தக் கருவியின் பலன் உடனடியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதும் ஒளி குறைந்தது பதிவானது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் முதலில் அதைப் புதிய துணைக்கோள் எனக் கருதினர். அது யுரேனஸின் வளையம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பதிவு சரியாகவே இருந்தது; அதைப் பொருள்கொள்வது கருவியின் வேலையன்று.

பாப்பு அத்துடன் நிற்கவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியை உள்நாட்டிலேயே உருவாக்க முனைந்தார். ஆடி இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. இயந்திரப் பகுதிகளை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. இயக்கக் கட்டுப்பாட்டு அமைப்பில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கைகொடுத்தது. காலம் நீண்டது. 1982-இல் பாப்பு காலமானார். கருவி முடிவடைவதை அவர் காணவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தபோது, வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. தாமதம் இவ்வழியின் விலை. கண்ணாடி தேய்ப்பது முதல் கட்டுப்பாட்டு மின்னணுவியல் வரை பெரிய கருவியொன்றைச் செய்துமுடித்த அனுபவம் அதன் வரவு.

அதற்காக வாங்கும் வழி கைவிடப்படவில்லை. 2014-இல் நிறுவப்பட்ட 1.3 மீட்டர் தொலைநோக்கி அமெரிக்காவின் டி.எஃப்.எம். இன்ஜினியரிங் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதற்கு ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயர் இடப்பட்டுள்ளது.