சோமாலியா எதற்குச் சான்று?

1991 ஜனவரியில் சோமாலிய அதிபர் சியாட் பாரே தலைநகர் மொகடிஷுவை விட்டுத் தப்பியோடினார். அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள், நாடு முழுவதற்கும் வரி விதிக்கவும் தீர்ப்புச் சொல்லவும் வலுவுள்ள அரசு சோமாலியாவில் இல்லை. அரசின்மைவாதத்தை மறுப்பவர்கள் அந்நாட்டைக் காட்டி எச்சரிக்கிறார்கள். ஆதரிப்போரில் ஒரு சாராரோ அதையே தங்கள் பக்கச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். இரு தரப்பும் ஒரே சாட்சியை அழைக்கையில் அதன் தகுதியை முதலில் ஆராய வேண்டும்.

பொருளியலாளர் பீட்டர் லீசன் 2007இல் வெளியிட்ட கட்டுரை ஆதரவாளர்களின் வலுவான ஆதாரம். பாரே ஆட்சியின் கடைசி ஐந்தாண்டுகளை 2000–2005 காலத்தோடு ஒப்பிட்ட அவர், 18 வளர்ச்சிக் குறியீடுகளில் 14 மேம்பட்டதாகக் கண்டார். சராசரி ஆயுள் கூடியது, குழந்தை இறப்பு குறைந்தது, எழுத்தறிவோ சரிந்தது. மைய வங்கியே இல்லாதபோதும் ஷில்லிங் நோட்டுகள் சந்தையில் செல்லுபடியாயின. இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒப்பீட்டின் மறுதட்டில் இருப்பது 1988இல் சொந்த நாட்டு நகரமான ஹர்கெய்சாவின் மேலேயே குண்டு வீசிய அரசு. அதைவிட மேல் என்பது மிகத் தாழ்வான அளவுகோல். லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1991–92 பஞ்சமோ ஒப்பிட்ட இரு காலங்களுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

மறுப்பவர்களின் வாதமும் நிற்காது. முதலில் சோவியத் ஒன்றியமும் பிறகு அமெரிக்காவும் பாரே அரசுக்கு ஆயுதம் கொடுத்தன. அரசு உடைந்ததும் அதன் கிடங்குகள் போர்த்தலைவர்கள் கைக்குப் போயின. அந்த வன்முறை, கலைந்த அரசு விட்டுப்போன சொத்து.

சான்று என்று ஏற்கத்தக்கது வேறொன்று: ‘ஹேர்’ எனும் வழக்காற்றுச் சட்டம். காவல்துறையோ சிறையோ இன்றி, குல மூத்தோர் மரத்தடியில் கூடிப் பேசி வழக்குகளைத் தீர்ப்பார்கள். கொலைக்கு ஈடு, கொன்றவனின் குலக்குழு முழுவதும் சேர்ந்து கொடுக்கும் ஒட்டகங்கள். அரசில்லாவிட்டால் சட்டமில்லை என்ற கூற்றை இது உறுதியாக மறுக்கிறது.

அதே ‘ஹேர்’ ஆணின் உயிருக்கு 100 ஒட்டகங்களையும் பெண்ணின் உயிருக்கு 50 ஒட்டகங்களையும் விலையாக வைத்தது. வலுவான குலத்தின் துணை இல்லாத சிறுபான்மையினருக்கு அது காப்பாக இருந்ததில்லை. குரோபொட்கின் முதலான அரசின்மைவாதிகள் எதிர்த்தது அரசை மட்டுமல்ல, மனிதர் மேல் மனிதர் செலுத்தும் எல்லா ஆதிக்கத்தையும். பிறப்பே குலத்தைத் தீர்மானித்து, குலமே பாதுகாப்பைத் தீர்மானிக்கும் சமூகத்தில் அந்தக் கோட்பாடு தேர்வெழுதவே இல்லை.

அரசின்றி வாழ்ந்தவர்களாகச் சொல்லப்படும் தெற்கு சூடானின் நுவேர் மக்களையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களிடம் ‘ஒழுங்குள்ள அரசின்மை’யைக் கண்ட மானுடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சர்டு 1930இல் அங்கு போனது, பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை விமானத்தாலும் படையாலும் அடக்கிய கையோடுதான். அந்த ஆய்வைக் கேட்டதும் அதே ஆட்சி.

ஆகவே இச்சமூகங்கள் அரசின்மைவாதத்துக்கு நியாயமான சோதனைகள் அல்ல. அரசின்றியும் சட்டம் இயங்கும் என்ற ஒரு கூற்றுக்கு மட்டுமே அவை சான்று. அச்சட்டத்தில் சமத்துவம் இருக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. வடக்கே சோமாலிலாந்தில், 1993இல் போரமா நகரில் மாதக்கணக்கில் கூடிய மூத்தோர் தங்கள் பழைய பேச்சுவார்த்தை மரபைக்கொண்டே சண்டையை நிறுத்தினார்கள். அதே கூட்டத்தில் ஒரு குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, அரசையும் அமைத்தார்கள்.