87 ஓட்டும் ஒரு பானையும்



தேர்தல் நெருங்கினாலே "சார், இந்தத் தடவை யார் ஜெயிப்பாங்க?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஜோசியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வேட்பாளர் சொல்ல நினைப்பது வாக்காளரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது, எங்கே தவறிப்போகிறது என்பதைப் பற்றி நம் சிதம்பரம் தொகுதியின் கதையை வைத்தே கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. கட்சி பார்த்து எழுதவில்லை. நீங்களும் கட்சி பார்க்காமல் படியுங்கள்.

சமூக அறிவியலில் குடவோலை முறை படித்தது நினைவிருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்று தகுதிகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த சிலருக்குள் நடந்த காரியம் என்பதால் ஓலையில் எழுதிய பெயரே அங்கே போதுமானதாக இருந்தது.

1952 பொதுத்தேர்தலில் நிலைமை வேறு. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. ஆனால் 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு 18 சதவீதம்தான். பெயரைப் படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார்? அதற்குத்தான் சின்னம் வந்தது. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். சீட்டில் முத்திரை குத்தும் பழக்கம் பொதுத்தேர்தலில் பரவலாக வந்தது 1962இல்.

அன்றிலிருந்து தமிழ்நாட்டுத் தேர்தலின் பாதி வேலை சின்னத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. அதுவரை அந்தக் கட்சிக்கென்று ஒரு சின்னம் கிடையாது. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினால் போதும், படிக்காதவருக்கும் புரிந்துவிடும். மாயத்தேவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், சின்னம் நிலைத்துவிட்டது. அதே கட்சி இரண்டாகப் பிரிந்து 1989 தேர்தலைச் சந்தித்தபோது இரட்டை இலை முடக்கப்பட்டு, ஒரு அணிக்குச் சேவலும் இன்னொரு அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இரண்டு அணிகளும் ஒன்றுசேர்ந்த பிறகே இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. தோல்விக்குச் சின்னம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய சின்னம் கையை விட்டுப் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அந்தக் கட்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி நம் தொகுதி. சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். நம் பக்கத்தில் அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம். கடலூர் மாவட்டத்தில் புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில். தனித்தொகுதி என்றால் நிற்பவர்தான் பட்டியல் இனத்தவராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவது எல்லோரும். அதனால் யார் நின்றாலும் தன் சொந்த மக்களிடம் மட்டும் பேசி ஜெயிக்க முடியாது. மற்ற தெருக்களுக்கும் போய்ப் பேசியாக வேண்டும்.

விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு அப்போது மாநிலக் கட்சி அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிலையான சின்னம் கிடையாது. 2009இல் நட்சத்திரம், 2011இல் மெழுகுவர்த்தி, 2016இல் மோதிரம். ஒவ்வொரு தேர்தலிலும் முதலில் இருந்து பாடம் நடத்த வேண்டிய நிலை. எதிரில் இருந்த இரட்டை இலைக்கோ பல ஆண்டுப் பழக்கம். இன்னொன்றும் உண்டு. வாக்குச்சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் மேலே வருவார்கள். அங்கீகாரம் இல்லாத கட்சிகள் அதற்குக் கீழே, சுயேச்சைகள் கடைசியில்.

2016 சட்டமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் காட்டுமன்னார்கோயிலில் மோதிரம் சின்னத்தில் நின்றார். அ.தி.மு.க.வின் முருகுமாறனிடம் 87 ஓட்டில் தோற்றார். அதே தொகுதியில் திருமாவளவன் என்ற பெயரிலேயே ஒரு சுயேச்சையும் நின்று 289 ஓட்டு வாங்கினார். அந்த 289 பேரும் தவறிப் போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, அவரவர் விருப்பம். ஆனால் 87 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 289ஐ வைத்துப் பாருங்கள். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க 2015 முதல் வேட்பாளரின் படத்தையும் வாக்குச்சீட்டில் அச்சிட்டு வருகிறார்கள். அப்படியும் இந்தக் கேள்வி எழத்தான் செய்தது.

படிக்காத மக்கள் என்பதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை ஜார்ஜ் புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார். அங்கே பாம் பீச் என்ற இடத்தில் வாக்குச்சீட்டை இரண்டு பக்கமும் பெயர் வருகிற மாதிரி அச்சிட்டிருந்தார்கள். துளையிட வேண்டிய இடம் குழம்பி, பலர் வேறு ஆளுக்கு ஓட்டைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி புதிதல்ல. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். விரலில் மை வைத்தாகிவிட்டது. பாட்டியம்மா மறைவுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, அது எங்க இருக்கு?" என்று கேட்பார். நாம் பதில் சொல்லக்கூடாது. எந்தக் கட்சி முகவரும் சொல்லக்கூடாது. அந்த அட்டை மறைப்புக்குள் அவர் தனி ஆள். இரண்டு மாதம் ஒலிபெருக்கியில் கத்தியது, நோட்டீஸ், வீட்டுக்கு வீடு கும்பிடு எல்லாம் வெளியே நின்றுவிடும். உள்ளே அவரோடு போவது அவர் மனதில் நிற்கும் ஒரே ஒரு படம். பிரசாரம் என்பதை நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

2019க்கு வருவோம். தி.மு.க. கூட்டணியில் வி.சி.க.வுக்கு இரண்டு தொகுதிகள். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். பழகிய சின்னம், கஷ்டம் இல்லை. சிதம்பரத்தில் திருமாவளவன் தனிச்சின்னத்தில் நின்றார். கிடைத்தது பானை. மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சில வாரங்களே இருந்தன.

அப்போது நடந்ததை நம் ஊர்ப் பக்கம் நீங்களே பார்த்திருப்பீர்கள். சுவரெல்லாம் பானை. பிரசாரத்துக்கு வந்தவர்கள் கையிலும் தலையிலும் பானை. நட்சத்திரத்தையும் மோதிரத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டும். பானையை விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு எல்லா வீட்டு வாசலிலும் ஏறுவது அதுதான். வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பதும் அதில்தான். எந்தத் தெருவுக்கும் அது அந்நியம் இல்லை. எல்லா மக்களிடமும் ஓட்டுக் கேட்க வேண்டிய தொகுதியில் இதைவிடப் பொருத்தமான சின்னம் வாய்ப்பது அரிது.

மே 23, ஓட்டு எண்ணிக்கை. முன்னிலை மாறி மாறி வந்தது. இரவு வெகுநேரம் வரை முடிவு தெரியவில்லை. கடைசியில் திருமாவளவன் 5,00,229, அ.தி.மு.க.வின் சந்திரசேகர் 4,97,010. வித்தியாசம் 3,219. ஆறு சட்டமன்றத் தொகுதிக்குமாகச் சேர்த்து இவ்வளவுதான். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் இரண்டு பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே வேறாகியிருக்கும். 2024இல் அதே பானை, வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்து, பானை அந்தக் கட்சிக்கே உரியதானது.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் பாதியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். நம் மாவட்டத்துப் பொன்பரப்பியில் மோதல் மூண்டது. தெருவில் பானையைப் போட்டு உடைத்ததில் தொடங்கியது என்று செய்திகள் வந்தன. தலித் மக்கள் குடியிருப்பில் வீடுகள் தாக்கப்பட்டன, பலர் காயமடைந்தார்கள். ஓட்டுப் போடப் போன நாளில் தன் வீட்டு ஓட்டை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை சிலருக்கு வந்தது. எல்லா வீட்டிலும் இருக்கிற பானை அன்றைக்கு ஒரு தெருவின் அடையாளம் ஆகிவிட்டது.

இதை எழுதும்போது என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் முகம் வருகிறது. நீங்கள் எல்லாத் தெருவிலிருந்தும் வந்தவர்கள். உங்களில் இரட்டை இலைக்குப் போட்டவர் உண்டு, மாம்பழத்துக்கும் பானைக்கும் சூரியனுக்கும் போட்டவர் உண்டு. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எதிர்ச் சின்னத்தைத் தோற்கடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கான இடம் அந்த அட்டை மறைப்புக்குள் இருக்கும் பொத்தான். தெருவில் அந்தச் சின்னத்தை உடைக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தன்னைப் போல ஒரு ஓட்டு இருப்பதைத்தான் மறுக்கிறார்.

சில வாரத்தில் ஒரு தொகுதிக்கே புதுச் சின்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்பதை நம் மக்கள் காட்டிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மற்றதுக்கு எந்தக் கட்சியும் ஆள் அனுப்பாது. அது நம் வேலை. அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எந்தச் சின்னம் என்று சொல்வதற்கு முன் பொன்பரப்பியில் நடந்ததைச் சொல்லுங்கள்.

கருத்து எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். கட்சிச் சண்டை மட்டும் இங்கே வேண்டாம், பழைய வகுப்பறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
விக்கிரமங்கலம்.