நிக்கொதேமுவின் மறுபிறப்பு

எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்பது நம் சபைகளில் வழக்கம். மறுபிறப்பைப் பற்றிய போதனையை முதன்முதலில் கேட்ட நிக்கொதேமுவுக்கோ அப்படி ஒரு நாளை யோவான் சுவிசேஷம் குறிக்கவில்லை. அவருடைய செயல்களை மட்டும் சொல்கிறது.

பரிசேயரும் யூதர்களின் அதிகாரிகளில் ஒருவருமான அவர், 3ஆம் அதிகாரத்தில் இரவு வேளையில் இயேசுவிடம் வருகிறார். ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாதவன் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க முடியாது என்று இயேசு சொன்னது அவருக்கு விளங்கவில்லை. இஸ்ரவேலின் போதகர் இதை அறியாதிருக்கலாமா என்று இயேசு வியந்ததற்குக் காரணம் உண்டு. தூய நீர் தெளித்துத் தம் மக்களைச் சுத்திகரிப்பதாகவும், கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுத் தம் ஆவியை அவர்களுக்குள் வைப்பதாகவும் தேவன் வாக்களித்ததை எசேக்கியேல் 36ஆம் அதிகாரம் முன்பே கூறியிருந்தது. மறுபிறப்பு தேவனுடைய செயல். தன் பிறப்பைத் தானே நிகழ்த்திக்கொண்ட பிள்ளை உலகில் இல்லை.

அந்த இரவில் நிக்கொதேமு நம்பினாரா? யோவான் பதில் சொல்லாமல் நம்மை 7ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறார். இயேசுவைப் பிடிக்கத் துடிக்கும் அதிகாரிகள் நடுவே, ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்பிடுவது நியாயப்பிரமாணத்துக்கு ஏற்குமா என்று அவர் கேட்கிறார். சகாக்கள் அவரையும் கலிலேயரோடு சேர்த்துப் பழிக்கிறார்கள்.

மூன்றாவதாக, 19ஆம் அதிகாரம். சீஷர்கள் சிதறிவிட்ட வேளையில், அரிமத்தியா ஊரானாகிய யோசேப்போடு அவர் பகல் வெளிச்சத்தில் வருகிறார். வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்த ஏறத்தாழ நூறு இராத்தல், அதாவது சுமார் 33 கிலோ, நறுமணக் கலவையைக் கொண்டுவந்து இயேசுவை அடக்கம் செய்கிறார். பிரேதத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுப்பட்டவர் என்பது எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தின் சட்டம். அன்றோ பஸ்காவுக்கு ஆயத்த நாள். தூய்மையையே உயிராகக் காத்த பரிசேயர் ஒருவர், சிலுவையில் மாண்டவருக்காகப் பண்டிகைத் தூய்மையை இழக்கத் துணிந்தார். இரவில் வந்தவரின் மறுபிறப்புக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எரிகோவின் ஆயக்காரர் தலைவன் சகேயுவுக்கு மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்தது என்று லூக்கா 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கும் மறுபிறப்பின் கனி கண்ணுக்குத் தெரிகிறது. குற்றத்தை அறிக்கையிடுபவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5ஆம் அதிகாரம். சகேயுவோ ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு ஒதுக்கி, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான். ஒருவருக்கு நெடுவழி, மற்றவருக்கு ஒரே நாள். இருவரிலும் வேலை செய்தது ஒரே ஆவி.

மனந்திரும்புதல், தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, மன்னிப்பு ஆகிய சுவிசேஷத்தின் அடிப்படைப் போதனைகள் யாவும் வாழ்வில் தெரியும் இந்தக் கனியில் வந்து சேர்கின்றன. மரத்தை அதன் கனியால் அறியலாம் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு போதித்தார். பசித்தவனுக்கும் சிறையிலிருப்பவனுக்கும் செய்தது தமக்கே செய்தது என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அறிவித்தார்.

ஆகவே, மறுபடி பிறந்தேன் என்று சாட்சி சொல்லும் நாம் ஒவ்வொருவரும், தேதியைச் சொல்லுமுன் நம் வீட்டாரையும் அயலாரையும் நம்மிடம் வேலை செய்வோரையும் நினைத்துப் பார்ப்போமாக. நம் மறுபிறப்பைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.