கீரிமலை நீரூற்று

இலங்கையின் வட கரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலை ஒட்டி ஊறும் நன்னீர்ச் சுனை. இலங்கையின் ஐந்து பழஞ்சிவாலயங்களான பஞ்சேசுவரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் நகுலேசுவரம் கோயில் இதன் அருகில் உள்ளது. ஊற்றைச் சுற்றி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கேணிகள் கட்டப்பட்டுள்ளன. ஆண்கள் கேணியின் கடற்புற மதிலில் அமர்ந்தால் முதுகில் உப்புத் திவலை தெறிக்கும். கால் தொங்கும் பக்கத்தில் அடி தெரியும் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த நீரில் மெல்லிய உவர்ப்பு உண்டு. மிகுதி நீர் மதிலின் துவாரங்கள் வழியே இடையறாது கடலில் கலக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை செம்மண்ணில் இறங்கி, அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல்லைக் கரைத்துப் பிளவுகளும் குகைகளும் ஆக்கி, அவற்றின் வழியே கடலை நோக்கி நகர்கிறது. அந்த நிலத்தடி ஓட்டம் கரையில் வெளிப்படும் இடங்களுள் கீரிமலை பெயர்பெற்றது. புத்தூரின் நிலாவரைக் கிணறும் இதே சுண்ணக்கல்லில் அமைந்தது. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது இவ்வூர்கள் அடங்கிய வலிகாமத்தார் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. பல மைல் இடைவெளியைக் கடந்து பழம் வருமா என்பது ஒருபுறமிருக்க, நிலத்தடி நீரெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்ற பட்டறிவு அந்தப் பேச்சில் இருக்கிறது.

பெயர்க் காரணம் தலபுராணத்தைச் சார்ந்தது. கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் இங்கே நீராடித் தவமிருந்து மனித முகம் பெற்றார். வடமொழியில் நகுலம் என்றால் கீரி. ஆதலால் அவர் நகுலமுனி, இறைவன் நகுலேசுவரர், இடம் கீரிமலை. திருத்தம்பலேசுவரம் என்பது கோயிலின் மற்றொரு பழம்பெயர்.

ஊற்றைப் பற்றி விரிவாகப் பேசும் நூல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 18ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது. இலங்கையின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விசயன் எழுப்பிய கோயில்களுள் கீரிமலைச் சாரலில் அமைந்த திருத்தம்பலேசுவரத்தையும் அது சேர்க்கிறது. அதில் வரும் சோழ இளவரசியின் கதையே மக்கள் மனத்தில் நிலைத்தது. திசையுக்கிர சோழனின் மகள் மாருதப்புரவீகவல்லி குன்மநோயாலும் குதிரைமுகத்தாலும் வருந்தினாள். மருந்து எதுவும் பலிக்கவில்லை. சாந்தலிங்கன் என்னும் துறவியின் சொற்படி கீரிமலைக்கு வந்து, கரையில் கூடாரமிட்டுத் தங்கி, நாள்தோறும் தீர்த்தமாடினாள். நோய் தீர்ந்தது, குதிரைமுகமும் நீங்கியது. மா, அதாவது குதிரைமுகம், விட்டகன்ற இடம் மாவிட்டபுரமாயிற்று. அங்கே அவள் கட்டுவித்த கந்தசுவாமி கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்பர். பின்னர் மன்னன் உக்கிரசிங்கன் அவளை மணந்தான் எனக் கதை தொடர்கிறது. இவர்களை 8ஆம் நூற்றாண்டினராகக் கொள்வோர் உளர். செவிவழிக் கதைகளைக் கோத்த நூலென்பதால் அக்காலக் கணிப்பை ஏற்காதோரும் உளர். எது எவ்வாறாயினும், இரண்டு ஊர்ப்பெயர்களை ஒரு பெண்ணின் குளிப்போடு பிணைத்த அந்தக் கற்பனை அழகியது.

கோயிலின் தொன்மையிலும் கருத்து வேறுபாடு உண்டு. விசயன் வருகைக்கு முன்பே இலங்கையில் இருந்த ஐந்து ஈசுவரங்களுள் நகுலேசுவரமும் ஒன்றென வரலாற்றாளர் பி. ஈ. பீரிஸ் 1917இல் எழுதினார். திருக்கேதீச்சரத்துக்கும் திருக்கோணமலைக்கும் தேவாரப் பதிகங்கள் இருக்க, நகுலேசுவரத்துக்கு இல்லை என்பதை மறுதரப்பார் சுட்டுவர்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அடுத்த சில ஆண்டுகளில் கோயிலை இடித்தனர். 1658இல் ஒல்லாந்தர் ஆட்சி வந்தபோதும் கோயில் மீண்டும் எழவில்லை.

சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1870களில் நகுலேசுவரத்தின் புனரமைப்புக்காகச் சைவர்களிடம் குரல் கொடுத்தார். 1879இல் அவர் மறைந்தார். திருப்பணி 1890களின் நடுப்பகுதியில்தான் நிறைவேறியது. 1918இல் கோயில் தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. இதற்கிடையே 1902இல் யாழ்ப்பாணம் – காங்கேசன்துறை ரயில் ஓடத் தொடங்க, தொலைவூர்களிலிருந்தும் யாத்திரிகர் வந்துபோவது எளிதாயிற்று. தங்கிச் செல்வோருக்காகக் கரையோரத்தில் மடங்கள் இருந்தன.

ஊற்றின் பெருநாள் ஆடி அமாவாசை. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாட அன்று கீரிமலைக்கு எழுந்தருள்வார். தகப்பனை இழந்தவர்கள் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிதிர்க்கடன் செய்து, கடலில் மூழ்கி, பிறகு கேணியில் உப்பைக் கழுவுவர். வீடு திரும்பி விரத உணவு. அதில் காத்தோட்டிக்காய் கட்டாயம் இருக்க வேண்டும். கசப்பான சின்னக் காய். அந்த நாளை ஒட்டிச் சந்தைகளில் கூறு கட்டி விற்பார்கள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பூரணை. ஆண்டின் மற்ற நாட்களிலும் அஸ்தி கரைக்க வருவோர் உண்டு.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஊற்றுக்கு நீர் கொண்டுவரும் அதே சுண்ணக்கல்தான் அதன் மூலப்பொருள். அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் அயலில் உள்ளன.

1990இல் போர் வலிகாமம் வடக்கை வெறிச்சோட வைத்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர், கோயில் குண்டுவீச்சில் சிதைந்தது, பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் சென்றது. குளிப்பதற்கு ஆளில்லாத ஆண்டுகளிலும் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. போர் முடிந்த 2009க்குப் பின் கட்டம் கட்டமாக நிலம் விடுவிக்கப்பட்டது. 2012இல் நகுலேசுவரக் கும்பாபிஷேகம் நடந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் திரும்பியது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக அக்காலத்தில் எழுந்த முறைப்பாடுகள் வலிகாமத்தின் நிலத்தடி நீர் குறித்த கவலையைக் கூட்டின. ஆடி அமாவாசையன்று கேணிப் படிகளில் இப்போது மீண்டும் இடம் கிடைப்பதில்லை.