உபரி ராணியின் குளிர்காலம்

இங்கிலாந்தின் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் தேனீக்களைக் கொல்லும் காலமாக இருந்தன. வைக்கோல் புரியைச் சுற்றித் தைத்த கூடைகளில்தான் அன்று தேனீ வளர்த்தார்கள். அடைகள் கூடையின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வெட்டாமல் தேன் எடுக்க வழியில்லை. வளர்ப்பவர் ஒவ்வொரு கூடையாகத் தூக்கி எடை பார்ப்பார். கனத்த கூடையில் தேன் நிறைய இருக்கும். லேசான கூடை எப்படியும் பனிக்காலத்தைத் தாண்டாது. இரண்டையும் அழிக்க ஒதுக்கிவிட்டு, நடுத்தர எடையுள்ளவற்றை மறு ஆண்டுக்கு வைத்துக்கொள்வார். மண்ணில் சிறு குழி தோண்டி, கந்தகத்தில் தோய்த்த துணியைப் பிளந்த குச்சியில் செருகிக் கொளுத்தி, அதன்மேல் கூடையை வைத்து, புகை கசியாதபடி சுற்றிலும் மண்ணை அணைப்பார்கள். சில நிமிடங்களில் உள்ளே இரைச்சல் அடங்கிவிடும். செத்து விழுந்த குவியலில் ராணியும் கிடக்கும். அதைத் தனியாகத் தேட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்த வழக்கத்தை ஒழித்தது இரக்கம்தான் என்று சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. தேனீக்களிடம் மனிதத்தன்மையோடு நடக்க வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே வைத்து 1832-ல் தாமஸ் நட் ஒரு நூல் எழுதினார். 1838-ல் வில்லியம் காட்டன் ஏழைக் குடியானவர்களுக்குக் கடித வடிவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்: கந்தகம் வேண்டாம், காளான் புகையால் மயக்கி இரண்டு குடும்பங்களை ஒன்றாகச் சேருங்கள் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டைச் சேர்த்தால் ஒரு ராணி மிஞ்சும். அதை அகற்றிவிடுவதும் அந்த முறையிலேயே அடக்கம். இரக்கத்தால் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் பிழைத்தன, உபரி ராணி பிழைக்கவில்லை. அதற்குக் குளிர்காலத்தில் ஓர் இடம் கிடைக்க வேறொன்று தேவைப்பட்டது: அதன் மதிப்பு என்ன என்ற அறிவு.

அந்த அறிவு மெதுவாகத்தான் சேர்ந்தது. கூட்டை ஆள்வது பெண் என்று சார்லஸ் பட்லர் 1609-ல் எழுதினார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்துபோய்த்தான் இணைசேர்கிறது என்பதைப் பார்வையிழந்த ஃபிரான்சுவா யூபர், தன் உதவியாளர் பர்னன்ஸின் கண்களைக் கொண்டு கண்டறிந்து 1792-ல் வெளியிட்டார். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் அடைச்சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கி எடுக்கும் பெட்டிக்கு வழி கண்டார். அதன்பின்தான் ராணியைச் சாதாரண வளர்ப்பாளரும் சேதமின்றித் தேடி எடுத்து, இன்னொரு குடும்பத்துக்கு மாற்ற முடிந்தது. குளிர்நாட்டில் இதன் அருமை மார்ச்சில் தெரியும். இலையுதிர் காலத்தில் ஆண் தேனீக்களை வேலைக்காரிகள் வெளியே துரத்திவிடும். பிப்ரவரியில் ராணி செத்தால், புது ராணியை வளர்க்க முட்டை கிடைப்பதே அரிது. வளர்த்தாலும் இணைசேர ஆண் இல்லை. இணைசேர்ந்த ராணி ஒன்று கையிருப்பில் இருந்தால் மட்டுமே அந்தக் குடும்பம் மீளும்.

டெவன் மாவட்டத்தின் பக்ஃபாஸ்ட் மடத்தில் இது முழு முறையாகவே வளர்ந்தது. வைட் தீவில் தொடங்கிய கொள்ளைநோய் 1916-க்குள் மடத்தின் 46 குடும்பங்களில் 30-ஐ அழித்தது. உள்ளூர்த் தேனீக்கள் மாண்டன. பிழைத்தவை இத்தாலிய ராணிகளின் வழி வந்தவை. குடும்பத்தின் தலையெழுத்து ராணியின் வம்சத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று கிடைப்பது கடினம். 1919-ல் பொறுப்பேற்ற துறவி ஆதம், 1925-ல் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஆளரவமற்ற ஓரிடத்தில் இனப்பெருக்க நிலையம் அமைத்தார். ஒரே பெட்டியை நான்காகத் தடுத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு ராணியையும் சிறு குடும்பத்தையும் குளிர்காலம் முழுக்க வைத்தார். நான்கும் நடுத்தடுப்பை ஒட்டித் திரண்டு ஒன்றின் சூட்டில் ஒன்று காயும். வசந்தத் தொடக்கத்தில் அந்த ராணிகள் தேன் சேர்க்கும் பெரிய குடும்பங்களுக்குப் போயின. குளிரைத் தாண்டி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ராணியைத் தேனீக்கள் எளிதில் ஏற்கும், ஏற்பு அதன் மணத்தைவிட அதன் நிலையைப் பொறுத்தது என்பது அவர் கண்ட முடிவு.

கைப்பிடியளவு தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் குளிர்காலம் முழுக்கக் காப்பது வீண்செலவு, ஒரு கூட்டுக்கு ஒரு ராணி என்பதே இயற்கை என்று மறுக்கலாம். இயற்கையில் பனிக்காலத்தில் ராணியை இழந்த கூடு அழியும் என்பதும் உண்மைதான். வளர்ப்பவரோ அந்த அழிவை ஏற்கத் தயாராக இல்லாதவர். பத்துப் பெரிய குடும்பங்கள் வைத்திருப்பவருக்கு அதில் ஒன்று மார்ச்சில் வெறும் பெட்டியாவதோடு ஒப்பிட்டால் இரண்டு கிலோ சர்க்கரை பெரிதல்ல. இன்னொரு மறுப்பு வலுவானது: எல்லா ராணியும் காக்கத் தக்கதல்ல. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். முட்டை குறைந்த கிழட்டு ராணியையும், கொட்டும் குணத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் ராணியையும் பக்ஃபாஸ்டிலும் நீக்கத்தான் செய்தார்கள். பழைய கூடைக்காரர் எடை பார்த்துக் கூடையைத் தேர்ந்தார், ராணி அவர் கணக்கிலேயே வரவில்லை. பக்ஃபாஸ்டிலோ ஒவ்வொரு ராணியையும் அது இட்ட முட்டையும் அதன் குஞ்சுகளும் எப்படி என்று பார்த்த பிறகே வைப்பதா, நீக்குவதா என்று முடிவு செய்தார்கள்.