கமலையில இருந்து சோலார் வரைக்கும்

போன வாரம் சென்னையில இருந்து வந்த நண்பர் ஒருத்தர் எங்க தோட்டத்து மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தார். ஆணியில் ஒரு டார்ச் லைட்டும் மூலையில் ஒரு தடிக்கம்பும் இருந்தது. "இது எதுக்குங்க?" என்றார். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறதுக்கு என்றேன். "உங்களுக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே, பகல்லயே பாய்ச்ச வேண்டியதுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்க தாத்தா காலத்துல கிணத்துத் தண்ணி கமலையில்தான் மேலே வந்தது. ரெண்டு மாடும் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு கூனை நிறையத் தண்ணி வரும். மாடு பின்னாலேயே மேடேறினா கூனை திரும்பவும் கிணத்துக்குள்ள இறங்கும். விடியக் கருக்கல்ல பூட்டினா, வெயில் ஏறினதும் அவிழ்த்து விட்டுருவாங்க. அதுக்கு மேல மாடு தாங்காது. எத்தனை மணிக்குப் பாய்ச்சுறதுன்னு மாடுதான் முடிவு பண்ணிச்சு. அதுக்குப் பிறகு எது வந்தாலும் முதல்ல மாத்தினது எங்க நேரத்தைத்தான்.

அடுத்து வந்தது கரண்ட். எங்க பள்ளத்தாக்குக்கு அது தூரத்துச் சரக்கு இல்லை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்ல இறங்குது. குமுளி மலைப்பாதையில போனவங்க அந்த நாலு ராட்சதக் குழாயைப் பார்த்திருப்பீங்க. 1950-களின் கடைசியில் இருந்து அங்கே மின்சாரம் தயாராகுது. சுழலியைச் சுத்திவிட்ட அதே தண்ணிதான் கீழே வந்து 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்குப் பாயுது. ஆனா அது ஆத்துப் பாசனம். தேவாரம், கோம்பை, போடி, ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டு நிலத்துக்காரங்க பெரும்பாலும் கிணத்தையும் போரையும் நம்பித்தான் திராட்சை, தென்னை, வாழை வைக்கிறோம்.

விவசாயச் சங்கங்கள் வருஷக்கணக்கா போராடின பிறகு, 1984-ல் சிறு விவசாயிகளுக்கு கரண்ட் இலவசமானது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. பெரிய உதவிதான், மறுக்கவே முடியாது. ஆனா மோட்டார் ஓட த்ரீ பேஸ் வேணும். அது நாள் முழுக்க வராது, இத்தனை மணிக்கு இத்தனை மணி நேரம்னு பிரிச்சுத்தான் வரும். அதில் பாதி ராத்திரியில். ஊரே தூங்கும்போது நாங்க டார்ச்சும் கம்பும் மம்பட்டியுமா வரப்பில் நடப்போம். மடை மாத்தப் போய்ப் பாம்பு தீண்டினவங்க இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. 2012-ல் பல ஊர்கள்ல நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல கரண்டே இல்லை. மலையிறங்கும் தண்ணியில் கரண்ட் எடுக்கிற ஊர்ல, கரண்ட் வருதான்னு பல்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்துலதான் எங்க பக்கம் சோலார் பேச்சு சூடு பிடிச்சது. 2011-ல் தொடங்கின பசுமை வீடு திட்டத்துல 300 சதுர அடி வீடு, கூடவே சூரிய சக்தியில எரியும் அஞ்சு விளக்கு. பல பேர் பேனலைக் கிட்டத்துல பார்த்தது அந்த வீடுகள்ல தான். பம்புக்கு மாநில அரசு மானியம் கொடுத்தது. 2019-ல் மத்திய அரசின் குசும் திட்டமும் சேர்ந்தது. நான் போட்டப்போ மானியம் 70 சதவீதம்.

இதை நவீன சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். தேடிப் படிச்சா கதை வேற. 1878-ல் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்கிற ஆங்கில அதிகாரி, கண்ணாடிகளை அரைவட்டமா நிறுத்தி வெயிலைக் கொதிகலன் மேல குவிச்சு, இரண்டரை குதிரைத்திறன் நீராவி இயந்திரத்தை ஓட்டியிருக்கார். 1913-ல் எகிப்தில், கெய்ரோவுக்குப் பக்கத்துல மாடியில், பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் வெயிலைக் கொண்டே நைல் தண்ணியை இறைச்சுக் காட்டினார். மறுவருஷம் உலகப் போர் வந்தது. பின்னாடி எண்ணெய் மலிவாச்சு, வெயில் பம்பை மறந்துட்டாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற சிலிக்கான் தகடு 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல பிறந்தது.

வெயிலை வேலைக்கு வைக்கிறது எங்க அப்பத்தாவுக்கு இதுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். வடகம், மோர் மிளகாய், கொப்பரை எல்லாம் வெயில் காய்ச்சுக் கொடுத்ததுதான். போடிப் பக்கம் போனா களம் முழுக்க இலவங்காய் காயும். அதையே பெரிய அளவில் செய்தவங்களும் எங்க ஜில்லாக்காரங்கதான். தேனியில் இயங்கின பிளாண்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க், தேயிலைத் தொழிற்சாலைக் கூரையையே சூடுபிடிக்கிற தகடா மாத்தினது. கூரைக்கு அடியில் சூடேறின காத்து உலர்த்தும் இயந்திரத்துக்குப் போகும், அந்த அளவுக்கு அடுப்புல விறகு மிச்சம். 212 சதுர மீட்டர் கூரை வைத்த ஒரு தொழிற்சாலையில் சுமார் கால்வாசி எரிபொருள் மிச்சமானதை சி. பழனியப்பனும் எஸ்.வி. சுப்பிரமணியனும் 1998-ல் ஆய்விதழில் எழுதியிருக்காங்க.

இப்ப மலையடிவாரத் தோட்டங்கள்ல பன்றிக்குப் போடுற வேலியும் சோலார்தான். சின்ன பேனல், ஒரு பேட்டரி. நொடிக்கு ஒரு தடவை சுருக்குனு அடிக்கும், உயிர் போகாது. ஈபி லைன்ல இருந்து நேரா கம்பிக்குக் கொடுக்கிறது கொலைக்குச் சமம், சட்டப்படியும் குத்தம்.

என் 5 எச்பி பம்புக்குக் கிட்டத்தட்ட 5 கிலோவாட் பேனல் இருக்கு. பேட்டரி கிடையாது, வெயில் இருந்தா ஓடும். காலையில மெதுவா ஆரம்பிச்சு உச்சிப்பொழுதுல நல்லாக் கொட்டும். சாயங்காலம் தானா அடங்கிரும். பல வருஷத்துக்குப் பிறகு பகல்ல மடை மாத்துறேன், ராத்திரி வீட்டுல தூங்குறேன். சோலார் எனக்குக் கொடுத்ததுல பெருசு இதுதான்.

ஆனா ஒரு பயமும் வந்தது. கமலையில மாடு களைச்சா நின்னுரும். ஈபி மோட்டார் கரண்ட் போனா நின்னுரும். வெயிலுக்குக் காசும் இல்லை, கட்டும் இல்லை. சுவிட்சை அமத்தலைன்னா தினமும் பொழுது சாயுற வரைக்கும் இறைச்சுக்கிட்டே இருக்கும். முதல் கோடையில அப்படியே விட்டேன். ஒன்றரை மாசத்துல போர்த்தண்ணி விட்டு விட்டு வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "வெயில் உனக்கு மட்டும் அடிக்கலாம்யா, ஊத்து எல்லாருக்கும் பொதுவுல்ல?" என்றார். எனக்குப் பதில் இல்லை. நிலத்தடி நீர் ரொம்பக் குறைந்த பகுதிகள்ல புதுசா பம்பு தரக் கூடாது, பழைய டீசல் பம்பை மாத்துறதா இருந்தாலும் சொட்டுநீர் மாதிரி சிக்கனப் பாசனம் வேணும்னு குசும் விதியே சொல்லுது. எங்க பகுதி அந்தக் கணக்குல வரலை, ஆனா அந்த விதிக்கான காரணம் எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. இப்ப சொட்டுநீர் போட்டிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு நானே அமத்திடுறேன்.

டார்ச்சை மட்டும் இன்னும் எடுக்கலை. ஆனி, ஆடியில மேற்க மலை மேல மேகம் கவிஞ்சா பேனல் படுத்துரும். அந்த நாள்ல பழைய கிணத்து ஈபி மோட்டார்தான் கதி. அதுக்கு த்ரீ பேஸ் இப்பவும் ராத்திரியிலதான் வருது நண்பரே.