அரங்கும் அடிசிலும்

இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலே ஏறத்தாழ நாற்பது நாடக அரங்குகள் ஒன்றுக்கொன்று அணித்தாக நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மாலை 7.30 மணியளவில் நாடகம் தொடங்கும். நுழைவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட ஒருவர் அடுத்து ஆராய்வது, அதற்கு முன்னர் எங்கே உணவருந்துவது என்பதையே. அரங்கிலிருந்து எவ்வளவு தூரம், பரிசாரகர் எவ்வளவு விரைவாகப் பரிமாறுவார், கையிலுள்ள பணம் போதுமா என்னும் மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு போசனசாலையைத் தெரிவு செய்வது அவர் வழக்கம். நாடகத்துக்கு முன் வருவோருக்கென்றே, விலை குறைந்த தனி உணவுப் பட்டியலைப் பல போசனசாலைகள் வைத்திருக்கின்றன.

இது தொன்றுதொட்டு வரும் வழக்கம் போலத் தோன்றும். ஆயினும், சேக்ஸ்பியர் காலத்து இலண்டன்வாசியிடம் இவ்வினாவைக் கேட்டிருந்தால் அவருக்கு அதன் பொருளே விளங்கியிராது. அவ்வினா பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அது பிறந்த வரலாறு, நாடக அரங்கின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்பதன் வரலாறுமாகும்.

1599ஆம் ஆண்டிலே தேம்ஸ் நதியின் தென்கரையில் எழுந்த குளோப் அரங்கு நடுவே கூரையற்றது. சூரியனே அதற்கு விளக்கு. ஆகவே பிற்பகல் 2 மணியளவில் நாடகம் தொடங்கி, பொழுது சாயுமுன் முடிந்துவிடும். அக்காலத்து ஆங்கிலேயரின் பெரும் போசனம் நண்பகலுக்கு அண்மையில் நிகழ்ந்தது. உண்டு முடித்தவர் ஓடமேறி நதியைக் கடந்து அரங்கை அடைந்தார். உணவும் நாடகமும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றை ஒன்று தொடாமல் நடந்தன. ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்று பார்த்தவரும், கூடுதற் பணம் கொடுத்து மாடத்தில் அமர்ந்தவரும் இடையிடையே கொறிப்பதற்குக் கொட்டைகளும் பழங்களும் விற்கப்பட்டன. 1587இல் எழுந்த றோஸ் அரங்கின் அடித்தளத்தை 1989இல் அகழ்ந்தபோது சிப்பி ஓடுகளும் பழ விதைகளும் வெளிப்பட்டன.

1642இல் பாராளுமன்றம் அரங்குகளை மூடியது. 1660இல் இரண்டாம் சாள்ஸ் மன்னர் முடிசூட மீண்டபோது அவை மறுபடியும் திறந்தன. அரசாங்கக் கடற்படைப் பணிமனையில் உயர்பதவி வகித்த சாமுவேல் பீப்ஸ் என்பார், 1660 தொடக்கம் 1669 வரை எழுதிய நாட்குறிப்பில் தாம் உண்டதையும் கண்ட நாடகத்தையும் ஒருங்கே பதிந்து வைத்துள்ளார். நண்பகலில் வீட்டிலோ உணவு விடுதியிலோ உண்டபின் அரங்கு செல்வது அவர் வழக்கம். 1668 பெப்ரவரி 6ஆம் நாள் புதிய நாடகமொன்றைக் காண 2 மணிக்கே சென்றும், இடமின்றி ஆயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டதாக அவர் குறித்துள்ளார். அன்றைய உணவு விடுதிகளிலே தெரிவு என்பது மிகக் குறைவு. குறித்த நேரத்தில், குறித்த விலைக்கு, ஒரே மேசையைச் சூழ்ந்திருந்த அனைவருக்கும் ஒரே சாப்பாடு வைக்கப்பட்டது. பிந்தி வந்தவருக்கு எஞ்சியதே கிடைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே இவ்வொழுங்கு குலையத் தொடங்கிற்று. அரங்குகள் கூரையிடப்பட்டு மெழுகுவர்த்தியால் ஒளி பெற்றமையால், சூரியனுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது. நாடகம் தொடங்கும் நேரம் 5 மணிக்கும், பின்னர் 6 மணிக்கும் நகர்ந்தது. போசன வேளையும் அதனுடன் போட்டியிட்டு நகர்ந்தது. செல்வர் வீடுகளில் நண்பகலிலிருந்து 3 மணிக்கும், 4 மணிக்கும், அதற்கும் பின்னுக்கும் சென்றது. பிந்தி உண்பது பெருமைக்குரிய அடையாளமாயிற்று. ஏனெனில், பட்டப்பகலில் உழைக்க வேண்டியவன் அவ்வளவு நேரம் பசித்திருக்க இயலாது. மெழுகுவர்த்தியின் விலையும் ஏழைக்கு எட்டாதது.

இவ்விரு கடிகாரங்களும் மோதியபோது பணம் படைத்தோர் ஓர் எளிய வழி கண்டனர். எசமானர் வீட்டில் ஆறுதலாக உண்டு முடிக்கும்வரை, அவருடைய ஏவலாளர் அரங்கிலே சென்று அவருக்குரிய இருக்கையில் அமர்ந்து இடம் பிடித்து வைத்தனர். எசமானர் வந்ததும் ஏவலாளர் எழுந்து மேன்மாடத்துக்குச் சென்றனர்.

ஏவலாளர் இல்லாதவருக்கு வேறொரு வழி இருந்தது. முதன்மை நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோரிடம் அரைக் கட்டணமே அறவிடப்பட்டது. கடை அடைத்துவிட்டு வரும் வணிகரும், கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வரும் எழுதுவினைஞரும் உண்டபின் அரங்குக்கு வர இதனால் இயன்றது. 1763 சனவரியில் ட்ரூரி லேன் அரங்கின் தலைவராகிய டேவிட் கரிக் என்ற பெரு நடிகர் இச்சலுகையை மறுத்தார். அன்றிரவே கலகம் மூண்டது. இருக்கைகள் பிடுங்கப்பட்டன, விளக்குகள் நொறுங்கின. கரிக் பணிந்தார். அடுத்த மாதம் கொவென்ற் கார்டன் அரங்கிலும் அதுவே நடந்தது. பெயருக்கு அது பணத்தைப் பற்றிய கலகம். ஆழ்ந்து நோக்குவோருக்கு, உழைத்து உண்டு வருபவனுக்கும் நாடகத்தில் ஒரு பங்கு உண்டு என்னும் உரிமைக் குரல் அதனுள் ஒலிப்பது புலனாகும்.

இக்காலத்தில் பிரான்சு நாட்டிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. பரிஸ் நகரில் 1760களிலும் அதன் பின்னரும் தோன்றிய புதுவகைப் போசனசாலைகள், தனித்தனி மேசையும், விலை குறித்த பட்டியலும், விரும்பிய நேரத்தில் விரும்பியதை உண்ணும் வசதியும் அளித்தன. போசனசாலையைத் தெரிவு செய்தல் என்னும் செயலுக்கு உண்மையான பொருள் அங்கேதான் உண்டாயிற்று. இலண்டனில் அவ்வழக்கம் மெல்லவே வேரூன்றியது. கொவென்ற் கார்டனுக்கு அணித்தாக, மெயிடன் லேன் என்னும் சிறு தெருவில் 1798இல் தொடங்கிய றூல்ஸ் என்னும் உணவகம் நாடகக்காரரும் எழுத்தாளரும் கூடும் இடமாயிற்று. 1828இல் ஸ்ராண்ட் வீதியில் சதுரங்க ஆட்டக்காரரின் கோப்பிச்சாலையாகத் தொடங்கிய சிம்சன்ஸ், வெந்த இறைச்சியைத் தள்ளுவண்டியில் மேசையருகே கொண்டுவந்து அரிந்து பரிமாறும் முறையாற் புகழ் பெற்றது. ஆயினும் இத்தகைய இடங்கள் பெரும்பாலும் ஆடவருக்கே உரியனவாயிருந்தன. நன்மதிப்புடைய பெண்ணொருத்தி பொது உணவுச்சாலையில் அமர்ந்து உண்பதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை.

1817இல் ட்ரூரி லேன் அரங்கு வாயு விளக்கால் ஒளி பெற்றது. இரவு மேலும் நீண்டது. ஒரு சோக நாடகம், அதன்பின் ஒரு கேலி நாடகம் என்றவாறு நிகழ்ச்சி நள்ளிரவை அண்டியது. ஆனால் தொடங்கும் நேரமோ 6.30 அல்லது 7 மணி. அந்நேரத்தில் செல்வர் வீட்டில் இராப்போசனமே தொடங்கியிராது. மேற்குடியினர் பலர் நாடகத்தைக் கைவிட்டு, இசை நாடகத்தை நாடினர். அவர்களை மீட்க விரும்பிய அரங்குத் தலைவர்கள், நிகழ்ச்சியைச் சுருக்கி, தொடங்கும் நேரத்தை 8 மணியளவுக்குப் பிற்போட்டனர். 1863இல் நிலக்கீழ்ப் புகையிரதமும் 1864இல் சாரிங் குறொஸ் நிலையமும் திறக்கப்பட்டமையால், நகர்ப்புறத்தே குடியிருந்த நடுத்தர வகுப்பினர் மாலையில் நகருக்கு வந்து, இரவில் வீடு திரும்பவும் வழி பிறந்தது. ஆனால் புறநகரிலிருந்து வருபவர் வீட்டில் உண்டுவிட்டு வர நேரம் போதாது. நகரிலேயே உண்ண வேண்டும். இந்நிலையிலேதான், நாடகத்துக்கு முன் எங்கே உண்பது என்ற வினா முழு உருப் பெற்றது.

அவ்வினாவுக்கு விடையளித்து வணிகம் வளர்த்தவர்களுள் ஸ்பியேர்ஸ், பொண்ட் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் அவுஸ்திரேலியாவிலே மெல்பேண் நகரத்து அரங்கொன்றுடன் இணைந்த உணவகத்தை நடத்தியவர்கள். 1861இல் அங்கு சென்ற முதலாவது ஆங்கிலக் கிரிக்கெட் குழுவை வரவழைத்தவர்களும் அவர்களே. அரங்குக்கு வருபவன் பசியோடு வருகிறான் என்ற உண்மையை மெல்பேணிற் கற்றவர்கள், இலண்டனுக்கு மீண்டு புகையிரத நிலையங்களில் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தினர். 1873இல் பிக்கடிலி வட்டத்தில் கிறைற்றீரியன் என்னும் மாபெரும் போசன மாளிகையைத் திறந்தனர். மறு ஆண்டில் அதன் நிலக்கீழ்த் தளத்திலேயே ஒரு நாடக அரங்கும் திறக்கப்பட்டது. மேலே உண்டு, படியிறங்கினால் நாடகம்! இதற்கு முன்னரே, 1868இல் ஸ்ராண்ட் வீதியில் எழுந்த கெயிற்றி அரங்கும் தன்னுடன் ஒரு போசனசாலையை இணைத்திருந்தது. அங்கே உண்டவர் குளிரிலும் மழையிலும் தெருவில் இறங்காமலே அரங்கினுட் செல்லலாம்.

1881 அக்டோபரில் றிச்சட் டொய்லி காட் என்பார் சவோய் அரங்கைத் திறந்தார். ஏறத்தாழ 1,200 மின்குமிழ்கள் அதற்கு ஒளியூட்டின. முற்றாக மின்னொளி பெற்ற முதற் பொதுக் கட்டடம் அதுவென்பர். கில்பேட், சலிவன் இருவரின் இசை நாடகங்கள் ஈட்டித்தந்த இலாபத்தைக் கொண்டு, 1889இல் அரங்கின் அருகிலேயே சவோய் விடுதியை அவர் நிறுவினார். அதனை நடத்தச் சேசார் றிட்ஸும், சமையலுக்கு ஒகுஸ்த் எஸ்கோபியேயும் வந்தனர். இசை ஒலிக்க, மின்னொளியில், பெண்கள் ஆடவருடன் ஒருங்கமர்ந்து பொதுவிடத்தில் உண்பது அங்கே நாகரிகமாயிற்று. முன்னர் இழுக்கெனக் கருதப்பட்ட செயல் இப்போது பெருமையாயிற்று.

எனினும் வாயில் ஒருபுறம் திறக்க, மறுபுறம் அடைபட்டது. அரங்கின் கீழ்த்தளத்தில் மேடைக்கு முன்னுள்ள மலிவான இருக்கைகள் நெடுங்காலமாக வினைஞருக்கும் எழுதுவினைஞருக்கும் உரியனவாயிருந்தன. நாடகங்களைக் கூர்ந்து மதிப்பிட்டவர்கள் அவர்களே. வீட்டில் நன்றாக உண்டு வரும் செல்வருக்கு இடம் வேண்டி, அவ்விருக்கைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. விலையுயர்ந்த மெத்தை நாற்காலிகள் முன்னே வந்தன. 1880 சனவரி 31ஆம் நாள் பான்குறொவ்ற் தம்பதியர் ஹேமார்க்கற் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது, மலிவான கீழ்த்தள இருக்கைகளை அறவே நீக்கியிருந்தனர். அன்றிரவு எழுந்த ஆரவாரத்தால் நாடகம் தொடங்கத் தடைப்பட்டது. ஆனால் 1763இல் போல அரங்குத் தலைவர்கள் பணியவில்லை. அரைக் கட்டண வழக்கமும் காலப்போக்கில் மறைந்தது. வேறிடங்களில் மலிவான இருக்கை நாடியவர்கள் வாயிலில் வரிசையில் நின்றனர். அவர்களுடைய இராப்போசனம் கையிலே கொண்டுவந்த பொட்டலத்தில் அடங்கிற்று.

இத்தகையோருக்குத் துணையாய் வந்தவை தேநீர்ச்சாலைகள். 1894இல் பிக்கடிலியில் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் தேநீர்ச்சாலையைத் திறந்தது. 1909இல், அரங்குகள் செறிந்த கொவென்றி வீதியிலே, பல தளங்களைக் கொண்ட பெரிய உணவு மாளிகையையும் அது நிறுவியது. பணிமனையிற் பணிபுரிந்த இளம்பெண் தனியே வந்து, யாருடைய ஐயப் பார்வைக்கும் ஆளாகாமல், சில பென்னிகளுக்கு உண்டு, நாடகத்துக்குச் செல்ல முடிந்தது. சவோய் விடுதி சீமாட்டிக்குச் செய்ததைத் தேநீர்ச்சாலை உழைக்கும் பெண்ணுக்குச் செய்தது. இரண்டினுள்ளும் பின்னையதே பெரிதெனத் துணிந்து கூறலாம்.

1939 செப்டெம்பரில் போர் மூண்டதும் அரங்குகள் அனைத்தும் மூடுமாறு பணிக்கப்பட்டன. சில வாரங்களில் மீண்டும் திறந்தன. 1940ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே குண்டுகள் இரவுதோறும் விழுந்தமையால் மாலை நாடகம் இயலாததாயிற்று. டொனல்ட் வூல்பிற் என்னும் நடிகர் சேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளை நண்பகலிலே நடித்துக் காட்டினார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் சேக்ஸ்பியர் மீண்டும் பகற்பொழுதுக்கே வந்து சேர்ந்தார். 1942இல் அரசாங்கம், எந்த உணவகத்திலும் ஒரு வேளை உணவுக்கு ஐந்து சிலிங்குக்கு மேல் அறவிடலாகாதென விதித்தது. ஆடம்பர விடுதிகள் வேறு பெயர்களில் மேலதிகக் கட்டணம் பெற வழியிருந்ததாயினும், அவ்விதி 1950 வரை நிலவியது.

போரின் பின்னர் மாலை 7.30 என்னும் நேரம் படிப்படியாக நிலைபெற்றது. அதனோடு நாடகத்துக்கு முன்னுண்ணும் வழக்கமும் உறுதிப்பட்டது. போசனசாலைக்கும் இதில் இலாபமுண்டு. வழக்கமான இரவு விருந்தினர் 8 மணிக்குப் பின்னரே வருவர். அதற்கு முன் வெறுமையாய்க் கிடக்கும் மேசைகளை நாடகம் பார்ப்போர் நிரப்புகின்றனர். அவர்கள் நேரத்துக்கு எழுந்து செல்வதும் உறுதி. ஆகவேதான் பரிமாற நெடுநேரம் பிடிக்கும் உணவுகளை நீக்கி, விரைவில் ஆக்கத்தக்க சிலவற்றை மட்டும் கொண்ட மலிவான பட்டியலை அவை வகுத்தன. அந்தக் குறைந்த விலை, முழு விலை கொடுக்க இயலாத ஒருவரையும் நல்லதொரு மேசையில் அமரச் செய்கிறது.

அரைக் கட்டணத்துக்காக 1763இல் கலகம் செய்தவர்களும், தேநீர்ச்சாலையில் தனியே அமர்ந்த அந்த இளம்பெண்களும் வேண்டி நின்றது ஒன்றே. நாள் முழுதும் உழைத்த ஒருவர், பசி தீர உண்டு, உரிய நேரத்தில் அரங்கினுள் அமர வேண்டும். கலையை வளர்க்க விரும்புவோர் நல்ல நாடகத்தை ஆக்குவதோடு அமையாது, அதைத் தொடங்கும் மணியையும், அரங்கைச் சூழ்ந்துள்ள உணவுச்சாலைகளின் விலையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். வயிறு வாடியவனுக்கு மேடையின் ஒளி எட்டாது என்பதே இலண்டன் மாநகரின் இம்முந்நூற்றாண்டு அனுபவம் புகட்டும் பாடம்.